29 டொலர் 95 சதத்துக்கு ஒரு பழைய ரிவோல்வர்



போன வாரம் தரம் 11க்கு இரண்டாம் உலகப் போர் பாடத்தை முடித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், யுத்தம் முடிஞ்ச பிறகு அந்தத் துவக்கெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். பாடப் புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வி. பதிலைத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசியுங்கள். எல்லாத் துப்பாக்கிகளின் கதையையும் சொல்ல முடியாது. ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

1940இல் டன்கேர்க் கரையில் இருந்து பிரித்தானியப் படைகள் தப்பி வந்தபோது ஆயுதங்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டே வந்தன. கைத்துப்பாக்கிகளுக்கும் தட்டுப்பாடு. அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி பிரித்தானியத் தோட்டாவுக்குப் பொருந்தும் ரிவோல்வர்களைச் செய்து அனுப்பியது. 1942 முதல் அவற்றின் இலக்கங்கள் 'வி' என்ற எழுத்தில் தொடங்கின. விக்டரி, அதாவது வெற்றி என்பதன் முதலெழுத்து அது. ஹிட்லரைத் தோற்கடிப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த ரிவோல்வர்களில் ஒன்றின் இலக்கம் வி510210.

போர் முடிந்தது. படைகளுக்கு வேண்டாத ஆயுதங்களை வியாபாரிகள் மொத்தமாக வாங்கினார்கள். இந்த ரிவோல்வர் கனடாவின் மொன்றியல் நகர மொத்த வியாபாரி ஒருவர் வழியாக 1963 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. 5 அங்குலக் குழலை 2¼ அங்குலமாக வெட்டினார்கள். சட்டைக்குள் மறைக்க அதுதான் வசதி. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் தோட்டா நுழையும்படி அறைகளையும் மாற்றினார்கள். குழலின் துவாரம் மட்டும் பழையபடியே இருந்தது. புதிய சன்னத்துக்கு அது சற்றுப் பெரிது. வெளித்தோற்றம் புதிது, உள்ளே குறை. விலை 29 டொலர் 95 சதம்.

அக்காலத்து அமெரிக்காவில் இதை வாங்கக் கடைக்கே போகத் தேவையில்லை. பத்திரிகை விளம்பரத்தில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். 1927இல் வந்த ஒரு சட்டப்படி தபால் திணைக்களம் தனியாருக்குக் கைத்துப்பாக்கிகளைக் கொண்டு சேர்க்க முடியாது. ஆனால் அந்தச் சட்டம் தனியார் பொதிச் சேவைகளைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த ஓட்டை வழியாக வியாபாரம் தாராளமாக நடந்தது.

1963இல் டல்லாஸ் நகரில் இருந்து ஒரு படிவம் வந்தது. பெயர் ஏ.ஜே. ஹிடெல், வயது 28. வாங்குபவர் அமெரிக்கப் பிரஜை, குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவர் அல்லர் என்பதற்குச் சாட்சியாக இன்னொருவரின் கையெழுத்தும் இருந்தது. உறையில் 10 டொலர் காசு. மிச்சம் 19 டொலர் 95 சதத்தையும் பொதிக் கூலி 1 டொலர் 27 சதத்தையும் பொருளை எடுக்கும்போது கட்டுவதாக ஏற்பாடு. மார்ச் 20ஆம் திகதி ரிவோல்வர் அனுப்பப்பட்டது.

ஹிடெல் என்று ஒருவர் இல்லை. சாட்சியும் பொய். இரண்டையும் எழுதியது ஒரே கை, 23 வயது லீ ஹார்வி ஒஸ்வால்டின் கை. இவன் யார் என்று எவரும் நேரில் பார்க்கவில்லை, கேட்கவில்லை. காசு சரியாக இருந்தது, அவ்வளவுதான். அதே மார்ச் 20ஆம் திகதி சிக்காகோவில் இருந்து அதே பொய்ப் பெயருக்கு ஒரு பழைய இத்தாலிய இராணுவ ரைபிளும் புறப்பட்டது. அதன் விலை தபால் செலவோடு 21 டொலர் 45 சதம்.

1963 நவம்பர் 22 பகல் 12.30க்கு அந்த ரைபிளால் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். சுமார் முக்கால் மணி நேரத்தின் பின், வீதியில் நடந்துபோன ஒஸ்வால்டை ஜே.டி. டிப்பிட் என்ற பொலிஸ்காரர் நிறுத்தினார். ஒஸ்வால்ட் ரிவோல்வரால் அவரைச் சுட்டுக் கொன்றான். டிப்பிட்டுக்கு 39 வயது, மூன்று பிள்ளைகளின் தந்தை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பரசூட் படையில் நின்று போரிட்டவர். எந்த வெற்றிக்காக அவர் போரிட்டாரோ, அந்த வெற்றியின் முதலெழுத்தைத் தாங்கிய துப்பாக்கியே 18 வருடங்களின் பின் அவர் உயிரைப் பறித்தது.

சற்று நேரத்தில் ஒரு திரையரங்கில் ஒஸ்வால்ட் பிடிபட்டான். ரிவோல்வரும் அவனிடமே இருந்தது. வீதியில் கிடந்த வெற்றுக் கோதுகள் அதனோடு பொருந்தின. குழல் பெரிதாக இருந்ததால், சன்னங்களை அதனோடு ஒப்பிட்டு உறுதிசெய்வது நிபுணர்களுக்குக் கடினமாகியது. விற்றவர்கள் விட்டுவைத்த குறை விசாரணையிலும் வந்து நின்றது.

இது யாரும் எதிர்பாராத ஆபத்து என்று சொல்ல முடியாது. தபால் வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த செனட்டர் தோமஸ் டொட் ஒரு சட்டமூலத்தை அதே 1963 ஓகஸ்டிலேயே கொண்டுவந்திருந்தார். கொலைக்கு மூன்று மாதம் முந்தி! கொலைக்குப் பிறகும் அது ஐந்து வருடம் இழுபட்டது.

1968 ஜூனில் கென்னடியின் தம்பி ரொபர்ட் கென்னடியும் சுடப்பட்டு இறந்தார். அதுவும் கைமாறிய ரிவோல்வர்தான். 1965இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கலவரத்தின்போது பாதுகாப்புக்காக ஒரு முதியவர் வாங்கியது. வீட்டில் வைத்திருக்கப் பயந்து மகளிடம் போனது, மகளிடம் இருந்து அயல்வீட்டு இளைஞனிடம் போனது, அவன் அதை 25 டொலருக்கு விற்றான். கடைசியில் அது சேர்ந்த கை சிர்ஹானின் கை. (சிர்ஹான் ஒரு முஸ்லிம் என்று நம்மிலும் சிலர் நினைக்கிறார்கள். அவர் ஜெருசலேமில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பலஸ்தீனர்.)

1968 ஒக்டோபர் 22இல்தான் ஜனாதிபதி ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தபால் வழியாகத் தனியாருக்குத் துப்பாக்கி விற்பது நின்றது. பழைய இராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் தடைப்பட்டது. ஆனால் ஒரே மாநிலத்துக்குள் இரு தனியாட்கள் கைமாற்றுவதை அந்தச் சட்டம் பெரிதாகத் தொடவில்லை. அதாவது அண்ணனைக் கொன்ற ரைபிள் வந்த வாசல் மூடப்பட்டது. தம்பியைக் கொன்ற ரிவோல்வர் வந்த வாசல் திறந்தே இருந்தது.

அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான். மகன், யுத்தம் முடிந்தாலும் அதன் துவக்குகள் ஓய்வு பெறுவதில்லை. அவை மலிவாகி அடுத்த கையைத் தேடிப் போகின்றன.

குழப்ப காலத்தில் ஆயுதம் விற்பதை நமது முன்னோர்கள் ஏன் வெறுத்தார்கள், பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்கவேண்டும் என்று ஏன் வலியுறுத்தினார்கள் என்பதும் இந்தக் கதையில் விளங்கும். நம் ஊரில் யாரும் ரிவோல்வர் விற்பதில்லை. ஆனால் பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாத போனும், பெயர் மாற்றாத மோட்டார் சைக்கிளும் நாளாந்தம் கைமாறுகின்றன. "நல்ல விலை" என்று யாராவது சொன்னால், இது யாருடையது, எப்படி வந்தது என்று கேளுங்கள். விற்பவராக இருந்தால், வாங்குபவர் யார் என்று ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வஸ்ஸலாம்.