சுருங்கியது முட்டையா, பெருத்தது விரலா?

பஸ்கா இரவுல யூதர்கள் நாலு கோப்பை திராட்சை ரசம் குடிக்கணும். கோப்பைக்குக் குறைந்தது ஒரு 'ரெவியீத்'. அது எத்தனை மில்லி? இங்கதான் சண்டையே.

ஒரு ரெவியீத்னா ஒன்றரை முட்டை அளவு. சுலபம்தானே? ஆனா தால்முத் இன்னொரு கணக்கும் சொல்லுது: நீளம் 2, அகலம் 2, உயரம் 2.7 கட்டைவிரல் அகலம். 18ஆம் நூற்றாண்டில், பிராக் நகரத்து ரபி யெகெஸ்கேல் லாண்டாவ் ரெண்டையும் அளந்து பார்த்தார். விரல் கணக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! விரல் பெருத்திருக்காது, முட்டைதான் பாதியா சுருங்கிப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டார். (கோழி பாவம், வாய் திறக்கவே இல்லை.)

20ஆம் நூற்றாண்டில் எருசலேம் ரபி ஆவ்ரஹாம் ஹாயிம் நாயே தராசைக் கையில் எடுத்தார். மருத்துவராகவும் இருந்த மைமோனிடிஸ், ஒரு ரெவியீத் தண்ணீர் சுமார் 27 திர்ஹம் எடைன்னு 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வச்சிருந்தார். இந்தத் திர்ஹமும் பழைய மருந்துக்கடை 'டிராம்' எடையும் கிரேக்க 'டிராக்மா'வோட வாரிசுகள். நாயே எடுத்துக்கிட்டது ஒட்டோமான் திர்ஹம், சுமார் 3.2 கிராம். பெருக்கினா 86 மில்லி. எனக்கு இந்த வழிதான் நம்பகமா படுது, ஆனா மைமோனிடிஸ் காலத்துத் திர்ஹம் இதைவிடச் சின்னது.

அதே காலத்துல 'ஹசோன் இஷ்' என்ற அறிஞர் லாண்டாவ் பக்கம் நின்னு 150 மில்லி என்றார். நாலு கோப்பைக்கு 344 மில்லியா, 600 மில்லியா? வயசான தாத்தாவுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.