படகுத்துறையில் நின்ற வரிசை

நமக்கு ஊர் வி.கே.புதூர், அதாவது வீரகேரளம்புதூர். சிற்றாற்றங்கரை. எங்க ஆத்துல படகு போய் நான் பார்த்ததில்லை. பாதி வருஷம் வேட்டியை மடிச்சுக் கட்டினா நடந்தே கடந்துடலாம். எங்க பக்கம் படகுல ஏறணும்னா சீசன் நேரத்துல குற்றாலம் வெண்ணமடைக் குளத்துக்குப் போகணும். டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, கொஞ்ச நேரம் பெடல் மிதிச்சுட்டு வரலாம்.

ஆனா இதே சிற்றாறு கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோட சேருது. அந்த இடத்துக்கு மேற்கே, ஆற்றின் ஒரு கரையில் திருநெல்வேலி, எதிர்க்கரையில் பாளையங்கோட்டை. இங்கே கோயிலும் கடைத்தெருவும். அங்கே கோட்டையும் கம்பெனிப் பட்டாளமும். 1843 வரை நடுவில் பாலம் கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் தண்ணீர் வரும் ஆறு இது. வெள்ளம் வந்தா படகுதான்.

நம்ம பாஷையில் சொன்னா, ரெண்டு பெரிய சிஸ்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு சர்வர். கணக்குக்காக வச்சுக்கோங்க: ஒரு படகில் 20 பேர், போய்த் திரும்ப அரை மணி. அப்போ மணிக்கு 40 பேர். கரைக்கு 60 பேர் வந்தா, ஒவ்வொரு மணிக்கும் 20 பேர் மிச்சம். சாயங்காலம் என்ன ஆகும்? யார் முதல்ல ஏறணும்னு முடிவு பண்றவன் கையில் ஊரே இருக்கும். காசு கொடுத்தவன் முந்துவான், அதிகாரி முந்துவான். தலையில் காய்கறிக் கூடையோடு நிக்கிற பாட்டி கடைசி. படகுத்துறையில் லஞ்சமும் அடிதடியும் முற்றிப்போய்த்தான் கலெக்டர் இ.பி.தாம்சன் பாலத்தைப் பத்தி யோசிச்சார்னு நெல்லையில் இன்னைக்கும் சொல்வாங்க.

கேப்டன் ஃபேபர் வரைபடம் போட்டார். செலவு சுமார் 50,000 ரூபாய். அந்தக் காலத்துல அது என்ன பணம்னு யோசிச்சுப் பாருங்க. மக்கள்கிட்ட வசூலிக்கலாம்னு பேச்சு. அப்போ கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், முழுச் செலவையும் நானே ஏத்துக்கறேன்னு சொல்லிட்டார். அவர் மனைவி வடிவாம்பாள் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக ஒரு கதையும் உண்டு. ஹார்ஸ்லி கட்டி முடிக்க, 1843-ல் 11 வளைவுகளோட பாலம் தயார். கம்பெனி ஆட்சியில் கலெக்டர் பேரை வைக்காம, அவருக்குக் கீழே வேலை பார்த்த சிரஸ்தார் பேரை வச்சது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

இன்னொண்ணு. இந்தப் பாலத்துக்கு மாதிரி லண்டன் வாட்டர்லூ பாலம்னு சொல்வாங்க. 1817-ல் திறந்த அந்தப் பாலத்தில் நடந்து போறவங்களும் காசு கட்டணும். அந்தக் கட்டணம் 1878-ல்தான் ஒழிஞ்சது. காசு மிச்சம் பண்ண, ஜனங்க சுத்திக்கிட்டு வேற பாலத்துல போவாங்களாம். மாதிரியில் இருந்த டோல்கேட் இங்கே வரலைங்கறதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன், வளைவுகளை இல்லை.

பாலம் கட்ட ஆளில்லாத ஆறுகளில் படகு ஓடிக்கிட்டேதான் இருந்தது. 1890-ல் சென்னை மாகாணம் கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்கும் தனிச் சட்டமே போட்டது. படகுக் கட்டணம் அவ்வளவு பெரிய விவகாரம்! நம்ம மொழியையே பாருங்க: ஆத்துல இறங்குற படிக்கும் ‘துறை’, ஃபைலோட காத்து நிக்கிற அரசு ஆபீசுக்கும் ‘துறை’.

நெல்லை ஜங்ஷன்ல இருந்து பாளைக்கு பஸ்ல போனா, இந்தப் பாலத்தைத் தாண்ட ஒரு நிமிஷம் ஆகும். சாயங்காலம் டிராஃபிக்ல மாட்டினா கூடுதல். அப்போ போனை வச்சுட்டு, ஜன்னல் வழியா கீழே தண்ணியைப் பாருங்க. கூடையோட நின்ன பாட்டி அங்கேதான் எங்கேயோ நின்னிருப்பாங்க.