மருந்து மரபியல்

மருந்து மரபியல் என்பது நோயாளியின் மரபணு வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு மருந்தையும் அதன் அளவையும் முடிவு செய்யும் துறை. ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்காமல் போவதற்கும் இன்னொருவரைப் படுத்தி எடுப்பதற்கும், உடலில் மருந்தை உடைக்கும் நொதிகளின் வேகம் முக்கியக் காரணம்.

இதற்கான தொடக்ககாலச் சான்றுகளில் சில சென்னையில் கிடைத்தன. 1956இல் அமைந்த காசநோய் ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஐசோனியாசிட் மருந்தை நுணுக்கமாக ஆராய்ந்தது. என்ஏடி2 மரபணு தரும் கல்லீரல் நொதிதான் இம்மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. நொதி வேகமாக உள்ளவரின் இரத்தத்தில் மருந்து ஏறத்தாழ 1 மணி நேரத்தில் பாதியாகும். மெதுவாக உள்ளவருக்கு 3 மணி நேரம் பிடிக்கும். தென்னிந்தியரில் பத்தில் ஆறு பேர் போல மெதுவான வகையினர். மரபணுவைப் படிக்கும் வசதி இல்லாத அந்நாளில், உடலில் எஞ்சிய மருந்தை அளந்தே வகை பிரித்தார்கள்.

வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோது வேகமான வகையினருக்குப் பலன் குறைந்தது. மறுபுறம், மெதுவான வகையினருக்கு இம்மருந்தால் கை கால் எரிச்சலும் மரத்துப்போதலும் அதிகம் வந்தன. தினமும் கொடுத்தால் முதல் குறை தீர்ந்தது. வைட்டமின் பி6 சேர்த்தால் இரண்டாவது அடங்கியது. அதனால்தான் திண்டுக்கல் பேகம்பூரில் இன்று காசநோய் மாத்திரை வாங்குபவருக்கும் உடல் எடை பார்த்தே அளவு முடிவாகிறது; மரபணுச் சோதனை கேட்பதில்லை. மரபணுச் சோதனைச் செலவில்லாமல் இரு வகையினருக்கும் உதவிய வழி இது.

ஆனால் எல்லா மருந்துக்கும் இந்த வழி செல்லாது. அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தப் போடும் ஸ்கோலின் ஊசியின் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதை உடைக்கும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதி இல்லாதவருக்கோ மூச்சு திரும்பப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுத்தாக வேண்டும். ஆரிய வைசியர் சமூகத்தில் இக்குறை கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்டனர். வலிப்பு மருந்தான கார்பமசெபினும் எச்எல்ஏ-பி*15:02 மரபணு வகை உள்ளவர்களின் தோலை உரிக்கும் கொடிய ஒவ்வாமையைத் தரக்கூடும்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், அறுவைக்கு முன்பே மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள்.