திருக்கேதார யாத்திரையும் ஜொகூர்த் தமிழரும்

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டாரத்தில் உள்ள தோட்டமொன்றுக்கு, சிவராத்திரி கழிந்த சில நாட்களில் நாம் சென்றிருந்தோம். இமயத்தில் உள்ள கேதாரநாதர் கோயிலின் நடை இவ்வாண்டு இன்ன நாளில் திறக்கும் என்பதை, வழக்கப்படி, மகா சிவராத்திரியன்று உகிமடத்தில் அறிவித்துவிட்டனர். அச்செய்தி கேட்டதும் அத்தோட்டத்தாரும் அருகிலுள்ள பட்டணத்தாருமாகப் பதினொருவர் யாத்திரை புறப்படத் தீர்மானித்து, ஆலோசனைக்கென்று நம்மையும் அழைத்திருந்தனர்.

பயணச்சீட்டு, உடை, மருந்து முதலியவற்றைக் குறித்துப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அறுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் எழுந்தார். மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும் என்றும், மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் அவர் மகன் சற்று முன்னர்தான் சொல்லியிருந்தார். அம்மையார் நம்மை நோக்கி, “ஏங்க ஐயா, அப்பர் சாமி டாக்டரக் கேட்டுட்டா கைலாசத்துக்குப் போனாரு? கையும் காலும் தேஞ்சு போகத் தவழ்ந்துல்ல போனாரு? எனக்கு மட்டும் என்னாத்துக்கு இதெல்லாம்?” என்றார்.

கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மையார் கேட்டது நல்ல கேள்வி. பக்தியுடையார்க்கு முன்னேற்பாடு எதற்கு என்பதே அதன் பொருள். அதற்கு விடை அவர் எடுத்துக்காட்டிய சரித்திரத்திலேயே இருக்கிறது.

திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் கைலை யாத்திரையை விரித்துரைப்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணம். முதுமை எய்திய அடிகள் காளத்தி, சீசைலம், காசி என வடக்கே சென்று, அதன்பின் துணையின்றிக் காட்டுவழி நடக்கின்றார். பாதங்கள் தேய்கின்றன, கைகளால் தாவிச் செல்கின்றார். கைகளும் தேய்கின்றன, மார்பால் உந்துகின்றார், புரள்கின்றார். ஈற்றில் அசைவற்றுக் கிடக்கின்றார். நம்மவர் இவ்வளவில் கதையை நிறுத்திக் கண்ணீர் உகுப்பர். அதற்கு மேலும் கதை உண்டன்றோ? இறைவன் முனிவர் வடிவில் வந்து, இம்மானுட உடம்பால் கைலையை அடைதல் ஆகாது, திரும்புக என்கின்றான். அடிகள் மறுக்கின்றார். பின்னர் அங்குள்ள பொய்கையில் மூழ்கும்படி பணிக்கப்பட்டு, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் காண்கின்றார். மலை ஏறியதைச் சொல்லும் கதையன்று இது. மலை ஏற இயலாத உடம்பை இறைவனே திருப்பி அனுப்பிய கதை. இக்கதையை மூச்சு வாங்கும் கிழவர்க்கு ஊக்க மருந்தாகக் கொடுப்பவர் அதனை முழுதும் படித்தவரல்லர்.

கேதாரத்தின் வரலாறும் இத்தகையதே. தேவாரத்தில் திருக்கேதாரத்துக்குப் பதிகங்கள் உண்டு. சம்பந்தர் பாடியது ஒன்று, சுந்தரர் பாடியது ஒன்று. அவ்விருவரும் அப்பனிமலையில் கால் வைத்தனரா? இல்லை. பெரிய புராணத்தின்படி, இருவரும் காளத்தியில் நின்றவாறே வடதிசைத் தலங்களை நினைந்து பாடினர். பாடல் பெற்ற தலமாக நாம் போற்றும் கேதாரம் தொலைவிலிருந்து பாடப்பெற்ற தலமேயாம். அதனால் பாட்டின் பெருமை குறைந்ததென்று சொன்னவர் எவருமிலர்.

பதினேழாம் நூற்றாண்டில் சீவைகுண்டத்துக் குமரகுருபரர் காசிக்குச் சென்றார். அங்கே கங்கைக் கரையில் கேதார கட்டத்தில் மடம் அமைத்தார்; கேதாரேசுவரர் கோயிலைப் புதுப்பித்தார். திருப்பனந்தாளில் இன்று விளங்கும் காசிமடம் அதன் வழிவந்தது. காசியில் இக்கேதாரத்தை வணங்குவோர் இமயக் கேதாரத்தை வணங்கிய பயனைப் பெறுவர் என்பது அடியார்களின் நம்பிக்கை. நம்பிக்கையை நாம் ஆராயப் புகவில்லை. அதன் பின்னே இருந்த இரக்கத்தைச் சுட்டுகின்றோம். வடக்கே போகும் தமிழன் எந்த இடத்தில் தளர்வான் என்று எண்ணிப் பார்த்து, அந்த இடத்தில் கோயிலும் சோறும் தங்கலும் அமைத்தவர்கள் இருந்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ல் காசியில் சத்திரம் நிறுவியதும் அந்த எண்ணத்தினாலேயே.

இனி மலைப்பக்கத்தைக் காண்போம். ரிஷிகேசத்திலிருந்து கேதாரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. சாலை இல்லாத காலத்தில் நாளொன்றுக்குப் பத்து மைல் நடந்தாலும் இரண்டு வாரம் பிடிக்கும். வழிநெடுகச் ‘சட்டி’ எனப்படும் குடிசைத் தாவளங்கள் இருந்தன. அங்குள்ள கடைக்காரனிடம் அரிசியும் பருப்பும் வாங்குவோர்க்குப் படுக்க இடமும் சமைக்கப் பாத்திரமும் கிடைக்கும். யாத்திரிகரோடு வாந்திபேதியும் மலையேறிய ஆண்டுகள் பல. கங்கையைக் கடக்க முன்னாளில் கயிற்றுப் பாலமே இருந்தது. 1889-ல் தொங்கவிட்ட இரும்புப் பாலத்தை 1924-ம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. லட்சுமண ஜூலா என்று பெயர் பெற்ற அடுத்த பாலம் 1930-ல் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் கூசாமல் சொல்ல வேண்டிய ஒன்றுண்டு. கேதாரத்துக்கு அருகே பைரவர் பாறை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குதித்து உயிர்விட்டால் முத்தி என்று நம்பி மாண்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தனர். ஆங்கில அரசாங்கம் அவ்வழக்கத்தைத் தடுத்தது. பாறையிலிருந்து குதிப்பது நின்றுவிட்டது. ஆயினும் ‘அங்கே போய்ச் செத்தாலும் புண்ணியம்தானே’ என்னும் பேச்சு நின்றுவிட்டதா? அன்றைய கூட்டத்திலும் அதனைக் கேட்டோம். சொன்னவர் இளைஞர், தம் தாயைக் குறித்தன்று, பிறர் தாயைக் குறித்துச் சொன்னார்.

மலையாவுக்கு வந்த நம் முன்னோர்க்கோ இந்த வாதமெல்லாம் எட்டாதவை. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறி, ஒரு வாரக் கடற்பயணத்தில் வந்து சேர்ந்தவர் அவருள் பலர். 1920-களின் இறுதியில் ஆண்மகனுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே பல இடங்களில் அளவாக இருந்தது. அக்கூலியில் ஊருக்கு ஒரு தடவை போய்வருவதே வாழ்நாட் கனவு. இமயம் எங்கே? மேலும், கங்காணியின் பின்னே வந்தவருள் பலர் சொந்த ஊர்க் கோயிலின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அவர்கள் இனத்தார் நுழைந்ததே 1939-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதியன்றுதான். சமவெளிக் கோயிலில் இடமில்லாதவனுக்கு மலைக்கோயிலைப் பற்றி யார் ஆலோசனை சொல்லியிருப்பர்?

ஆகவே அவர்கள் அப்பரடிகளின் திருவையாற்று முறையைக் கைக்கொண்டனர். மலையை இங்கேயே கண்டுகொண்டனர். சிலாங்கூரில் பத்துமலைக் குகையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெறுகிறது. 272 படிகளுக்குக் கீழே நிற்கும் ஜொகூர்த் தொழிலாளிக்கு அதுவே பழனி, அதுவே கைலை. தோட்டந்தோறும் மேட்டில் ஒரு முருகன், மரத்தடியில் ஒரு முனியாண்டி. கல்லும் மண்ணும் சுமந்து தாமே கட்டியவை. அக்கோயில்களைச் சிறுமையாகப் பேசி, ‘வடக்கே போனால்தான் யாத்திரை’ என்று இக்காலத்துத் தரகர்கள் சொல்லுங்கால் நமக்குச் சினம் வருகிறது.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. 1962-ம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு இமயத்தில் சாலைகள் விரைவாக நீண்டன. சோனபிரயாகை வரை வண்டி போகிறது. அங்கிருந்து கௌரிகுண்டம் ஐந்து கிலோமீட்டர். குப்தகாசிப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டரும் பறக்கிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் ஆசிரியராகவும் தாதியராகவும் பொறியாளராகவும் இருக்கின்றனர். தாயை இமயத்துக்கு அழைத்துச் செல்லும் வசதி வந்திருக்கிறது. மகிழத்தக்கதே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தவர் குறைவு. பழைய யாத்திரிகன் இரண்டு வாரம் நடந்து ஏறினான். அந்த நடையே அவன் உடம்பை மலைக் காற்றுக்குப் பழக்கிற்று. வலுவில்லாதவன் முதற் சில நாட்களிலேயே தன் அளவை அறிந்து திரும்பினான். சாலையும் விமானமும் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டன. கடல் மட்டத்தில் வாழும் ஜொகூர்வாசி மூன்று நான்கு நாட்களுக்குள் 3,583 மீட்டர் உயரத்தில் நிற்கின்றான். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்பன தோன்றும். அவை மிகுந்தால் மருந்து ஒன்றே ஒன்று: கீழே இறங்குதல். ‘சோதனை வைக்கிறான் சாமி’ என்று மேலே ஏறுவது பக்தியன்று.

2013-ம் ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெருமழை பெய்தது, கோயிலுக்கு மேலே காந்தி சரோவர் என்று பெயர் வழங்கிய ஏரி உடைந்தது, மந்தாகினி பெருகி ராம்பாடா என்னும் தங்கலூரையே துடைத்தெடுத்தது. உத்தரகண்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கோயில் நின்றது. பின்புறம் உருண்டு வந்து தங்கிய பெரும்பாறை வெள்ளத்தைப் பிளந்தது என்பர். கோயில் நின்றதை அற்புதம் என்று பேசுவோர், கோயிலைச் சுற்றி ஆற்றுப்படுகை வரை எழுந்திருந்த விடுதிகளைப் பற்றியும் பேசுவது நேர்மை. அதன்பின் பாதை ஆற்றின் மறுகரைக்கு மாற்றப்பட்டது. பதினான்கு கிலோமீட்டராக இருந்த ஏற்றம் பதினாறுக்குக் குறையாமல் நீண்டது. பெயர் பதிந்துகொண்டே ஏற வேண்டும் என்னும் விதியும் வந்தது. இவ்விதியைச் சிலர் தொல்லை என்கின்றனர். அன்று எத்தனை பேர் மலையில் இருந்தனர் என்று கணக்கெடுக்க முடியாமல் தவித்த உறவினர் அப்படிச் சொல்லார்.

இவற்றையெல்லாம் அன்று எடுத்துரைத்தோம். திட்டம் ஒருவாறு உருவாயிற்று. சித்திரை, வைகாசியில் நடை திறந்தவுடன் கூட்டம் மிகுதி. ஆடி, ஆவணியில் மழையும் மண்சரிவும். ஆகவே மழை ஓய்ந்து ஐப்பசிக்குள் போவதென்று முடிவாயிற்று. தீபாவளியை அடுத்து நடை சாத்தி இறைவனை உகிமடத்துக்கு எழுந்தருளுவித்துவிடுவர். குப்தகாசியில் இரண்டு இரவு தங்குவது. கௌரிகுண்டத்திலிருந்து மேலே செல்லுமுன் ஒவ்வொருவரும் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொள்வது. ஒருவர் இறங்க நேர்ந்தால் துணைக்கு இறங்க வேண்டியவர் யார் என்பதை இங்கேயே பெயர் குறித்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் தயக்கம் மிகுந்திருந்தது. வட்டிக்குக் கடன் வாங்கி வருவதாகச் சொன்ன ஒருவரை, அடுத்த ஆண்டு வரும்படி எல்லோரும் சேர்ந்து தடுத்தனர்.

பழக்கத்துக்கு லேடாங் மலை அருகிலேயே இருக்கிறது. 1,276 மீட்டர், ஜொகூரில் அதனினும் உயர்ந்த மலை இல்லை. வழிகாட்டியுடன்தான் ஏறவேண்டும். மலாய்க்காரர் அம்மலையில் ஓர் இளவரசி வாழ்வதாகச் சொல்வர். அவளை மணக்க விரும்பிய மலாக்கா அரசனிடம் அவள் பொற்பாலமும் வெள்ளிப்பாலமும், தட்டுத் தட்டாகக் கொசுவின் இருதயமும் கேட்டாளாம்; ஈற்றில் அவன் இளமகனின் இரத்தத்தில் ஒரு கிண்ணமும் கேட்டாளாம். அரசன் ஆசையை விட்டான். எங்கே நிறுத்திக்கொள்வது என்று அறிந்த அரசனாகவே அவனை நாம் கருதுகின்றோம்.

‘ஏற முடியாதவர்கள் கண்டியில் போகலாமே’ என்றார் ஒருவர். கண்டி என்பது முதுகில் கட்டிய கூடை. அதில் யாத்திரிகரை அமர்த்தி, பெரும்பாலும் நேபாள நாட்டு ஏழைகள் சுமந்து ஏறுவர். அவர்களுக்கு அது பிழைப்பு. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் அம்மையார் அதைக் கேட்டவுடன் தலையசைத்து மறுத்தார். “முப்பது வருசம் காண்டா வாளி தூக்குன தோள்பட்டைய்யா இது. இன்னொருத்தன் முதுகுல குந்திக்கிட்டு நான் சாமி பாக்கப் போவனா?” என்றார். அன்றைய கூட்டத்தில் சொல்லப்பட்டவற்றுள் இதற்கு மேலான சைவ சித்தாந்தம் இல்லை என்று நமக்குத் தோன்றிற்று.

மருத்துவரைக் காண்பதற்கு அவர் இணங்கினார். மருத்துவர் தடுத்தால் மகன் மற்றவரோடு மேலே போய் வரும்வரை, சிற்றன்னையின் துணையோடு தாம் காசியில் கேதார கட்டத்தருகே தங்கியிருப்பது என்னும் யோசனைக்கு மட்டும் அவர் உடனே விடை சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிச் சிறிது நேரம் சென்றது. காப்பி கொண்டு வந்து வைத்தவர், நம் அருகே நின்று மெல்லக் கேட்டார்: “அந்தக் காசி கேதாரத்துக்கு எத்தன படிங்க ஐயா?”

கங்கையிலிருந்து ஏறினால் படிகள் பல உண்டு, எண்ணிப் பார்த்ததில்லை என்றோம்.

“போய்வந்தவங்க யாரயாச்சும் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.