திம்புள்ளத் தேயிலை: வணிகப் பெயரும் விளம்பரமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியாவுக்கு மேற்கே, ஏறக்குறைய 3,500 முதல் 5,500 அடி வரை உயர்ந்த சரிவுகளில் விளையும் கறுப்புத் தேயிலைக்குத் திம்புள்ளத் தேயிலை என்று பெயர். ஒரு மலைச்சரிவின் பெயர் உலகச் சந்தையில் விலைபோகும் பெயராக ஆன விதமும், அந்தப் பெயரை நம்பிக் கடை நடத்தும் சிறு வணிகர் அறிய வேண்டியவையுமே இங்கு கூறப்படுகின்றன.

எல்லையும் வகைப்பாடும்

வரைபடத்தில் திம்புள்ளயைத் தேடுபவர் சற்றுத் திணறுவார். அந்தப் பெயரில் பெரிய பட்டினம் எதுவும் இல்லை. திம்புள்ள–பத்தனை என்று ஒரு பொலிஸ் பிரிவு உண்டு. அதற்கு அப்பால் பெயர் பெரும்பாலும் தேயிலைப் பெட்டியிலும் ஏலப் பட்டியலிலுமே வாழ்கிறது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துப் பிரித்தானியத் தோட்டத் துரைமார் திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ ஆகியவற்றைத் தனித்தனிப் பயிர்ச்செய்கை மாவட்டங்களாகவே எண்ணினர். அவர்களுடைய கிரிக்கெட் கழகங்கள்கூடத் தனித்தனி: ராதெல்லவில் திம்புள்ளக் கழகம், டரவளையில் டிக்கோயா–மஸ்கெலியாக் கழகம். இன்று இலங்கை தேயிலைச் சபை ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, நானுஓயாவின் ஒரு பகுதி, டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, அப்கொட், பொகவந்தலாவ அனைத்தையும் திம்புள்ள என்ற ஒரே குடைக்குள் அடக்குகிறது. பொகவந்தலாவக்காரர்களுக்குத் தங்கள் பள்ளத்தாக்கின் பெயரே போதும் என்ற நினைப்பு உண்டு. சந்தைக்கு விரிந்த பொருளே உதவுவதால் இக்கட்டுரையும் அதையே கொள்கிறது.

உயரத்தைக் கொண்டு இலங்கைத் தேயிலையை மூவகையாகப் பிரிப்பது வழக்கம்: 600 மீற்றருக்குக் கீழ் தாழ்நிலம், அதற்கு மேல் 1,200 மீற்றர் வரை இடைநிலம், அதையும் தாண்டினால் உயர்நிலம். திம்புள்ளயின் பெரும்பகுதி மூன்றாம் வகையைச் சேர்ந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இச்சரிவுகளை நனைக்கிறது. ஜனவரியில் வானம் வெளுத்து, பகலில் காய்ந்த காற்றும் இரவில் கடுங்குளிரும் வந்துவிட்டால் கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். மார்ச் வரையான இந்தக் காலம் மேற்குத் தரப் பருவம் எனப்படுகிறது. மலையின் மறுபக்கத்து ஊவாவுக்கு அந்தப் பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஆகவே ஒரே தீவின் இரு சரிவுகள் ஆண்டில் இருமுறை நல்ல தேயிலை தருகின்றன. விளம்பரக்காரருக்கு இதைவிட வாய்ப்பான செய்தி கிடையாது. எனினும் பொதிகளில் இது அரிதாகவே அச்சாகிறது.

தரப் பெயர்கள் இலையின் அளவைக் குறிப்பவை. சுவையைக் குறிப்பவை அல்ல. பிஓபி, பிஓபிஎஃப் ஆகிய உடைந்த இலைத் தரங்களே திம்புள்ளயில் அதிகம். அவற்றிலும் சிறியது தூள். இத்தரப் பெயர்களில் வரும் பீக்கோ என்ற சொல்லைக் கண்டதும் உயர்ந்த சரக்கு என எண்ணுவது வாங்குவோரின் பழக்கம். அந்த எண்ணத்தைத் திருத்தாமல் விடுவது விற்போரின் பழக்கம்.

பெட்டி எழுத்தும் தோட்டக் குறியும்

1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை இத்தொழிலின் தொடக்கமாகக் கொள்வர். 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. திம்புள்ளயின் கோப்பித் தோட்டங்கள் 1870 களிலிருந்து தேயிலைக்கு மாறின. 1884 இல் ஹட்டனையும் அடுத்த ஆண்டு நானுஓயாவையும் புகையிரதம் எட்டியது. அதுவரை மாட்டு வண்டியில் இறங்கிய சரக்கு, அதன்பின் ஓரிரு நாளில் கொழும்புத் துறைமுகம் சேர்ந்தது.

ஈயத் தகடு பதித்த மரப்பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையால் அச்சுத்தகடு வைத்து எழுதப்பட்ட வரிகளே திம்புள்ளத் தேயிலையின் முதல் விளம்பரம்: மேலே தோட்டத்தின் பெயர், நடுவில் தரம், கீழே மொத்த நிறை, பெட்டி நிறை, நிகர நிறை, வரிசை எண். அந்தத் தோட்டப் பெயருக்கு ஏலத்தில் ‘மார்க்’ என்று பெயர். ஒரே மலையின் ஒரே பருவக் கொழுந்தாக இருந்தாலும், நல்ல மார்க் ஒன்று பக்கத்துத் தோட்டத்தைவிடக் கூடுதல் விலை பெறும். பெட்டியின் இடத்தைக் காகிதச் சாக்கு பிடித்த பின்னும் மார்க் அப்படியே தொடர்கிறது.

1883 ஜூலை 30 அன்று கொழும்பில் முதல் பொது ஏலம் நடந்தது. ஏலத்துக்கு முன் தரகரின் சுவைக்கூடத்தில் நடப்பதைப் பார்த்தால் மார்க் எப்படி உருவாகிறது என்பது விளங்கும். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்கும். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது சர்வதேசத் தர அளவு. மூடியைக் கவிழ்த்து, ஊறிய இலையை அதன்மேல் தட்டுவர். இலை செப்பு நிறத்தில் மினுங்க வேண்டும். பின் சாயத்தைக் கரண்டியில் எடுத்து, காற்றோடு சத்தமாக உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்புவர். ஒரு குவளைக்குச் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் சொல்லப்படுவதே தோட்டத்தின் அடுத்த வார விலை. தொழிற்சாலையில் ஒருநாள் கொழுந்தை வாட்டுவது பிசகினாலும் அது இங்கே பிடிபட்டுவிடும். எந்தச் சுவரொட்டியாலும் மறைக்க முடியாது.

இலண்டன் விலையும் சிக்காகோ கண்காட்சியும்

1891 இல் மஸ்கெலியாவின் கார்ட்மோர் தோட்டத்துத் தங்க நுனித் தேயிலை இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் இறாத்தல் 25 பவுண் 10 ஷில்லிங்குக்குப் போனது. வாங்கியது மசாவட்டி என்ற பொதித் தேயிலைக் கொம்பனி. பிரித்தானியாவின் சாதாரணக் குடும்பம் இறாத்தல் 2 ஷில்லிங்குக்குத் தேயிலை வாங்கிய காலம் அது. அந்த விலை கொடுத்து யாரும் குடிப்பதற்கு வாங்கவில்லை, பத்திரிகையில் வருவதற்கே வாங்கினர். செய்தி வந்தது, மசாவட்டியின் மலிவுப் பொதிகளும் விற்றன. இன்று மக்கள் தொடர்பு என்று அழைக்கப்படுவதன் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு கொள்வனவில் அடங்கிவிடுகிறது. 1998 ஜூன் 29 அன்று இலண்டன் ஏலம் நிரந்தரமாக மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது: ஹெல்பொட தோட்டத்து 44 கிலோ பெட்டி, கிலோ 555 பவுணுக்கு, யோர்க்சயர் கொம்பனி ஒன்றால் வாங்கப்பட்டது.

தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். அவற்றுள் முக்கியமான தம்பேதென்ன ஹப்புத்தளைப் பக்கம், திம்புள்ளயில் அல்ல. மற்றவர் இறாத்தலுக்கு 3 ஷில்லிங் வரை கேட்டபோது அவர் 1 ஷில்லிங் 7 பென்சுக்கு, கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாகக் கட்டி விற்றார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பரத்தின் சாரம். பொதியில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படம். இலங்கைத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் லிப்டன் என்று பரவலாக எழுதப்படுகிறது. அவர் வாங்கித் தந்தது தம் பெயருக்குத்தான். வட்டாரப் பெயர்கள் எதுவும் அவருடைய பொதியால் வளரவில்லை; கலவையில் திம்புள்ளயும் ஊவாவும் ஒன்றாகக் கரைந்தன.

இலங்கை என்ற பெயரை வளர்த்தது தோட்ட உரிமையாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஏற்றுமதி வரி. 1890 களின் தொடக்கத்தில் சட்டமாகி 1908 வரை நீடித்த அவ்வரியின் பணமே வெளிநாட்டு விளம்பரத்துக்குப் போனது. 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் அமைக்கப்பட்டு, பத்து இலட்சம் தேயிலைப் பொதிகள் விற்கப்பட்டன. அதுவரை அமெரிக்கர் அறிந்தது பெரும்பாலும் சீன, ஜப்பானியப் பச்சைத் தேயிலை. பலர் சேர்ந்து சில்லறையாகப் போட்ட பணம் ஒரு பொதுப் பெயரை உருவாக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்தொழிலில் இல்லை.

பிரசார சபைக் காலம்

1930 களின் விலை வீழ்ச்சி தோட்ட உரிமையாளரை மீண்டும் அதே பொது விளம்பர வழிக்குத் தள்ளியது. 1932 இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. பேரரசுச் சந்தைப்படுத்தல் சபையில் சுவரொட்டிப் பணி செய்த ஜெர்வாஸ் ஹக்ஸ்லி அதன் இலண்டன் பணிக்கு அமர்த்தப்பட்டார். 1935 முதல் இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றுக்கும் பொதுவான சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபையையும் அவரே நடத்தினார். தமிழ்நாட்டின் புகையிரத நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் முறையைப் படிப்படியாகக் காட்டிய எனாமல் பலகைகள் இந்த அலையைச் சேர்ந்தவை. தேநீர் குடிக்கத் தெரியாதவனுக்கு எந்தத் தேயிலை நல்லது என்று சொல்லிப் பயனில்லை, முதலில் குடிக்கப் பழக்க வேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தனர்.

1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்துக்கு வந்தது, திம்புள்ளயின் பெயருக்கு மறைமுகமாகச் சேர்ந்த மதிப்பு.

சிங்கச் சின்னமும் ஏழு வட்டாரங்களும்

1972 இல் நாட்டின் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீலங்காவாக மாறியது. தேயிலையின் பெயர் மாறவில்லை. நூறாண்டு விளம்பரத்தைக் குப்பையில் போட எந்த அரசும் துணியவில்லை. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியத் தோட்டக் கொம்பனிகளிடம் முகாமைக்குக் கையளிக்கப்பட்டன. 1976 இல் தொடங்கிய தேயிலைச் சபையிடமே பொதிகளில் அச்சாகும் சிங்கச் சின்னம் உள்ளது. பொதியில் இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதியிடப்பட வேண்டும், சபையின் தர அளவை எட்ட வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள். ஆகவே சாக்கில் ஏற்றுமதியாகி வெளிநாட்டில் கலக்கப்படும் தேயிலைக்குச் சிங்கம் கிடையாது. பிற நாட்டுத் தேயிலையை இறக்கிக் கொழும்பில் கலக்க அனுமதி கேட்கும் ஏற்றுமதியாளரின் வாதம் பலமுறை எழுந்திருக்கிறது. அனுமதித்தால் சின்னத்தின் பொருளே போய்விடும்.

பின்னர் திம்புள்ள, நுவரெலியா, ஊவா, உடபுசல்லாவ, கண்டி, ருகுணு, சபரகமுவ ஆகிய ஏழு வட்டாரங்களுக்கும் தனிச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. எனினும் 2022 இல் இலங்கைக் கறுவா, விளைந்த இடத்தின் பெயரைக் காக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றுத் தேயிலையை முந்திக்கொண்டது.

தனியார் பெயர்களுள் மெரில் பெர்னாண்டோ 1985 இல் அவுஸ்திரேலியாவில் அறிமுகப்படுத்திய டில்மா, கலவையை மறுத்து, விளைந்த நாட்டிலேயே கட்டப்பட்ட பொதி என்பதையே விற்பனைச் செய்தியாக்கியது. அதே குழுமம் 2005 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பழைய துரை பங்களாக்களை விடுதிகளாக்கி, வட்டாரத்தையே விற்பனைப் பொருளாக்கியது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே கோட்டை வடிவில் நிற்கும் மிலெஸ்னா கடையும் அவ்வகைதான். ஏ7 வீதியில் வான்கள் நிற்குமிடத்தில் தேயிலை விற்கும்.

சிறு வணிகர்

ஹட்டன், தலவாக்கலைக் கடைத்தெருக்களில் தூளைக் கட்டி விற்போருக்கு மேலே சொன்ன சபைகளும் சின்னங்களும் எட்டாத உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். எனினும் அவர்கள் கையில் இருப்பது எளிதில் கிடைக்காத முகவரி. செய்யத்தக்கவை சில. தோட்டத்தின் மார்க்கை உரிமையாளர் சம்மதமின்றிப் பொதியில் போடக்கூடாது. தன் பெயர் ஒன்றைத் தேர்ந்து தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால் 10 ஆண்டுக்குக் காப்பு உண்டு, புதுப்பிக்கலாம். பிற வட்டாரத் தூள் கலந்திருந்தால் திம்புள்ள என்று எழுதுவது பொய். பறித்த பருவத்தை அச்சிடுவது செலவில்லாத விளம்பரம்: பெப்ரவரிச் சரக்கு என்று ஒரு வரி போட்டால் அறிந்தவர் அதற்காகவே வாங்குவர். ஒளிபுகும் பொலித்தீன் உறை தேயிலையைக் காட்டும், மணத்தையும் கெடுக்கும். கடைக்கு வருபவருக்குப் பால் சேர்க்காத ஒரு கோப்பைச் சாயம் கொடுப்பதற்கு ஈடான சுவரொட்டி இல்லை; 1930 களின் பிரசாரக்காரரும் குடிக்கப் பழக்கியே சந்தையை வளர்த்தனர். பீக்கோ, தங்கம், அரசர் என்று அடுக்குவதால் பயனில்லை, எல்லாப் பொதியிலும் அவை இருக்கின்றன.

படத்தில் இருப்பவர்

லிப்டன் காலம் தொட்டு இன்றுவரை விளம்பரங்களில் மாறாதது கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண்ணின் படம். தலைக்கயிற்றில் தொங்கும் பிரம்புக் கூடை படத்தில் நிலைத்துவிட்டது. மலையில் பெரும்பாலும் சாக்கும் நைலோன் பையும் வந்துவிட்டன. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், நெடிய இழுபறிக்குப் பின் 2024 இல் 1,350 ரூபாவாகவும் ஆனது. வெளிநாட்டு வாங்குவோர் இப்போது தொழிலாளர் வசிக்கும் லயன் அறைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நியாய வணிகச் சான்றிதழ்கள் அதனால் சில தோட்டங்களில் விளம்பரத்தின் பகுதியாயின.

இன்றைய நிலை

2020 ஏப்ரலில் கொழும்பு ஏலம் இணையவழிக்கு மாறியது. 2021 இரசாயன உரத் தடை உற்பத்தியைக் குறைத்தது. 2010 இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.50 ரூபா விளம்பர வரி விதிக்கப்பட்டது. திம்புள்ளயில் கட்டப்படும் சிறு பொதிகளுள் பல உள்ளூரிலேயே விற்றுத் தீர்கின்றன.