மெக்ரிட்சிக் காட்டில் ஒரு ஜப்பானியக் கோயில்

1942-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் புகுந்தது. அதன்பின் நம் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. தோக்கியோ நேரமே மலாயாவின் நேரமாயிற்று. வருஷமும் 2602 ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் தோக்கியோ இருக்கும் திசை நோக்கி நின்று, கண்ணாற் காணாத ஒரு சக்கரவர்த்திக்குத் தலை குனிந்தனர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் முதியோர் சொல்லக் கேட்ட இச்செய்திகளுக்குப் பின்னே நின்றது எம்மதம், அதற்கு இப்பக்கத்தில் எழுந்த கோயில் யாதாயிற்று என்பதையே இங்கு எழுதப் புகுந்தோம்.

சிந்தோ ஜப்பானியரின் பழைய வழிபாடு. அதனைத் தோற்றுவித்தவர் என்று எவருமில்லை. மலையிலும் அருவியிலும் முதுமரத்திலும் உறைவதாக நம்பப்படும் 'காமி'களை வணங்குவதே அது. புனிதமான மரத்துக்கு வைக்கோற் கயிறு சுற்றுவர். கையும் வாயும் கழுவிய பின்னரே சந்நிதியை அணுகுவர். தோட்டத்து மரத்தடிக் கல்லை முனியாண்டியென்று கும்பிட்டுவரும் நம்மவர்க்கு இதில் வியப்பு ஏதும் இராது. இசே என்னும் ஊரில் சூரியதேவி அமதெரசுவின் கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது மரங்கொண்டு எடுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. 2013-ல் நடந்தது 62-வது முறையாம்.

இவ்வளவில் நின்றிருந்தால் யாருக்கும் தீங்கில்லை. 1868-ல் மெய்ஜி அரசாங்கம் ஏற்பட்டதும், சக்கரவர்த்தி அத்தேவியின் வழித்தோன்றல் என்னும் பழங்கதை ராஜாங்கக் கொள்கையாயிற்று. கிராமத்தார் வணங்கிய தெய்வம் படையோடு கடல் கடந்தது. தைவானில் 1901-லும், கொரியாவின் சியோல் நகரில் 1925-லும் பெருங்கோயில்கள் எழுந்தன. அங்குள்ள ஜனங்கள் கேட்டா எழுந்தன?

சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் எழுந்தது 'ஷோனான் ஜிஞ்சா'. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளின் உழைப்பினால் கோயிலும், நீரைக் கடக்க ஒரு மரப்பாலமும் உண்டாயின. நகரம் விழுந்து சரியாக ஓராண்டு நிறைந்த 1943 பிப்ரவரி 15-ல் திறப்பு விழா நடந்தது. அதே ஆண்டில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். போனவர் பலர் திரும்பவேயில்லை. கோயில் கட்டக் கைதி, பாதை போடக் கூலி; ஏவியதோ ஒரே கை.

பால்மரம் வெட்டியவர்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் பல அந்த யுத்தத்தையும் கடந்து நின்றன. ஷோனான் ஜிஞ்சாவோ மூன்றாண்டுகூட நிற்கவில்லை. 1945-ல் சரணடைந்த ஜப்பானியர், பிரிட்டிஷார் வந்து அவமதிப்பர் என்று அஞ்சித் தாங்களே அதனை அழித்தார்கள். அவ்வருஷம் டிசம்பர் 15-ல் பிறந்த ஓர் உத்தரவு, ஜப்பானிலேயே அரசாங்கத்தையும் சிந்தோவையும் பிரித்துவிட்டது. மரத்துக்குக் கயிறு சுற்றுவது மட்டும் அங்கே இன்றும் நடக்கிறது.

2002-ல் சிங்கப்பூர் அரசு அவ்விடத்தைச் சரித்திர ஸ்தலமென்று குறித்தது. அங்கே மிஞ்சியிருப்பவை சில கற்படிகளும், வந்தவர் கை கழுவுவதற்கென்று வைத்த ஒரு கருங்கல் தொட்டியுமே.