டாக்டரிடம் என்ன கேட்பது? – கர்ப்பப்பை ஆபரேஷனின் 200 வருடக் கதை

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் தள்ளிவிட்டுப் போக வேண்டாம். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெரும்பாலும் நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை பிள்ளையார்பாளையத்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் சரித்திரம் படித்தவள். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே ஸ்கேன் ரிப்போர்ட். அவள் அம்மாவுக்கு 46 வயது. நாலு மாதமாக உதிரப்போக்கு சரியாக இல்லை. கர்ப்பப்பையில் 4 சென்டிமீட்டர் நார்க்கட்டி.

"எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். அடுத்த புதன்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க. அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. டாக்டர்கிட்ட என்ன கேக்கறதுன்னே எங்களுக்குத் தெரியல."

நான் டாக்டர் இல்லை. 34 வருடம் சாக்பீஸ் பிடித்தவள். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

1986ல் என் பெரியக்காவுக்கு 38 வயது. இதே மாதிரி உதிரப்போக்கு. ஒரு தனியார் நர்சிங் ஹோம். ஊரும் பேரும் வேண்டாம். டாக்டர் மாமாவிடம் பேசினார், மாமா கையெழுத்துப் போட்டார், அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்தே உடம்பெல்லாம் அனல் அடிக்கிறது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது, காரணமில்லாமல் அழுகை. "ஆபரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களும் சொன்னோம். நானும் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆறு வருடம் கழித்து வேறொரு வலிக்காக ஸ்கேன் எடுத்தபோதுதான், கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. எடுத்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எடுத்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. "நீ ஏன்க்கா கேக்கல?" என்றேன். "என்ன கேக்கணும்னு தெரிஞ்சாத்தானேடி கேக்கறதுக்கு" என்றாள்.

மாணவி போனபிறகு பழைய குறிப்புகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரித்திர டீச்சருக்கு வேறென்ன தெரியும்?

இந்த ஆபரேஷன் ரொம்பப் பழையது இல்லை. 1813ல் ஜெர்மனியில் லாங்கன்பெக் என்ற டாக்டர் பிறப்புறுப்பு வழியாக ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை எடுத்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கூத்து என்னவென்றால் சக டாக்டர்கள் யாரும் அவரை நம்பவில்லை. பல வருடம் கழித்து அவள் இறந்து, உடலை அறுத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். 1843ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே வயிற்றைத் திறந்து எடுத்தார். சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறந்தால் உள்ளே இருந்தது கர்ப்பப்பைக் கட்டி. அந்தப் பெண் பிழைக்கவில்லை. 1853ல் அமெரிக்காவில் வால்டர் பர்ன்ஹாம் அதே மாதிரி தவறாகக் கணித்துத் திறந்தார். அந்தப் பெண் வாந்தி எடுத்த வேகத்தில் கர்ப்பப்பை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே தள்ள முடியாமல் எடுத்துவிட்டார். அவள் பிழைத்தாள். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துப் பிழைத்த முதல் பெண் என்று எழுதிவைத்திருப்பது இவளைத்தான்.

மூன்று டாக்டர்களின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மூன்று பெண்களின் பெயரை நான் படித்த எதிலும் பார்த்ததில்லை.

நம் பக்கம் அந்த நாளில் பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதே கிடையாது. புருஷனோ அண்ணனோ போய் வாயால் சொல்லி மருந்து வாங்கி வருவார்கள். பிரசவத்தில் கஷ்டம் என்றால் சாவுதான். இதைக் கண்ணால் பார்த்து மனம் பொறுக்காமல் படிக்க வந்தவர் மேரி ஷார்லீப். சென்னையில் வக்கீலாக இருந்த ஒரு ஆங்கிலேயரின் மனைவி, பிள்ளைகுட்டிக்காரி. 1875ல் அவரும் இன்னும் மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பிறகு லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885ல் கோஷாப் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசி வரைக்கும் அதை "கோஷா ஆஸ்பத்திரி" என்றேதான் சொன்னார்கள். ஷார்லீப் பிறகு லண்டனில் பெண்களுக்கான வயிற்று அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றவர். 1912ல் நம் முத்துலட்சுமி ரெட்டி அதே சென்னைக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண் டாக்டர் வந்துவிட்டால் பெண்ணின் வாயிலிருந்தே நோயைக் கேட்பார்கள் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. பாதி நிறைவேறியது. மறு பாதிக்கு நாம் 1995க்குப் போக வேண்டும்.

அதற்கு முன் ஒரு நியூயார்க் கதை. 1908ல் மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண் வயிற்றுக் கோளாறுக்காக அங்கே ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். கட்டி இருக்கிறது, மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். பரிசோதனை மட்டும்தான், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியே ஒத்துக்கொண்டதாக அவர் சாட்சி சொன்னார். மயக்கத்தில் இருந்தபோது கட்டியை எடுத்துவிட்டார்கள். வழக்கு 1914ல் தீர்ப்பானது. புத்தி தெளிவாக உள்ள, வயது வந்த எவருக்கும் தன் உடம்பில் என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்த வழக்கில் மேரி தோற்றுப்போனார். தர்ம ஆஸ்பத்திரி, அதனால் நிர்வாகம் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள்.

இப்போது டெல்லி. 1995 மே மாதம். சமீரா கோஹ்லி, வயது 44, கல்யாணமாகாதவர். ஒன்பது நாளாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் ஒரு பெண்மணி. லேப்ராஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும், வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம் என்று எழுதிய தாளில் சமீரா கையெழுத்துப் போட்டார். மயக்கம் கொடுத்தார்கள். அவர் உள்ளே படுத்திருக்கும்போது உதவி டாக்டர் வெளியே வந்து, காத்திருந்த வயதான அம்மாவிடம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புதல் வாங்கினார். கர்ப்பப்பை, சினைப்பை, கருக்குழாய் எல்லாம் எடுக்கப்பட்டன. கண் விழித்த சமீராவுக்கு எல்லாம் முடிந்துபோயிருந்தது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தேசிய நுகர்வோர் ஆணையம் சமீராவின் புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டது. அவர் விடவில்லை. 2008 ஜனவரி 16ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ரவீந்திரன். நோயாளி வயது வந்தவர், புத்தி தெளிவானவர், மயக்கம் தெளிந்தால் தானே பதில் சொல்லக்கூடியவர். அப்படியிருக்க அம்மாவின் ஒப்புதல் செல்லாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும்தான் கேட்காமல் செய்யலாம். நோய் இருந்தது உண்மை, டாக்டர் நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம், ஆனாலும் கேட்காமல் செய்தது தவறு என்றது நீதிமன்றம். டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது, 25,000 ரூபாய் நஷ்டஈடு. கிட்டத்தட்ட 13 வருடப் போராட்டத்துக்கு 25,000 ரூபாய்!

ஆனால் அந்தத் தீர்ப்பில் நமக்கு ஒரு புதையல் இருக்கிறது. ஒப்புதல் வாங்குமுன் டாக்டர் நோயாளிக்குச் சொல்ல வேண்டியவை என்று நாலு விஷயங்களைக் குறித்திருக்கிறார்கள். என்ன செய்யப்போகிறோம், எதற்காக. இதற்கு மாற்று வழி உண்டா. முக்கியமான ஆபத்துகள் என்ன. செய்யாமல் விட்டால் என்ன ஆகும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: எங்கோ ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தையெல்லாம் விளக்கி நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. அமெரிக்கா மாதிரி எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற அளவுகோல் இங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அப்படியானால் இந்த நாலு விஷயத்தைத் தாண்டி நமக்குத் தெரிய வேண்டியதை நாம்தான் வாய்திறந்து கேட்டு வாங்க வேண்டும். என் மாணவியின் கேள்வி சின்னக் கேள்வி இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பார்த்தால் போதும். கரும்பு வெட்டப்போகும் பெண்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளாகக் கணக்கு வைத்து முன்பணம் கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு என்றால் கூலி போச்சு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று ஆகிவிட்டது. 2019ல் அரசு 82,309 பெண்களிடம் கணக்கெடுத்தபோது 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆறு பேரில் ஒருவருக்கு! ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களிலும் இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தேவையில்லாமல் எடுத்ததாகப் புகார் கிளம்பி, டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் பொதுநல வழக்குப் போட்டார். 2023 ஏப்ரல் 5ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மத்திய சுகாதார அமைச்சகம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு, 40 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு எடுத்தால் காரணத்தோடு கணக்கு என்று அதில் இருக்கிறது.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்தில் ரத்தம் நிற்காதபோதும், புற்றுநோயிலும் இதே ஆபரேஷன்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தள்ளிப்போட்டு வந்தவர்களின் கதை.

சரி, மாணவிக்கு என்ன எழுதிக் கொடுத்தேன்? மறுநாள் அவளையும் அவள் அம்மாவையும் வரச்சொல்லி, நீளநோட்டில் ஒரு பக்கம் எழுதினோம். முதல் கேள்வி: இந்த உதிரப்போக்குக்குக் காரணம் இந்தக் கட்டிதான் என்பது நிச்சயமா, கர்ப்பப்பையின் உள்சவ்வை எடுத்து பயாப்ஸி பார்த்தாயிற்றா? 45 வயதுக்கு மேல் இது முக்கியம் என்று தெரிந்த டாக்டர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்தது, மாத்திரையோ, ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி மாதிரியான சாதனமோ வைத்துப் பார்க்கலாமா, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா. மாதவிலக்கு நின்ற பிறகு நார்க்கட்டி பெரும்பாலும் சுருங்கிவிடும். அதுவரை காத்திருந்தால் என்ன ஆபத்து? "வெச்சிருந்தா கேன்சராயிடுமாமே" என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார். நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ஆனாலும் அதையும் டாக்டரிடமே கேளுங்கள் என்று அதையும் எழுதவைத்தேன்.

என் அக்காவுக்காக ஒரு கேள்வியைச் சிவப்பு மையில் எழுதினேன். சினைப்பையை விட்டுவைப்பீர்களா, எடுப்பீர்களா? எடுப்பதானால் ஏன்? மாதவிலக்கு நிற்கும் முன்னே அதை எடுத்தால் ஒரே நாளில் முதுமை வந்த மாதிரிதான்; அனல், எலும்புத் தேய்மானம் எல்லாம் அதோடு வரும். பிறகு, வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பிலா, கீழ்வழியாகவா. சிறுநீர்ப்பைக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் காயம் படுமா. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் பிறகும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட்டை எங்கள் கையில் தருவீர்களா. மொத்தம் எவ்வளவு செலவு. கையெழுத்து அம்மாவே போட வேண்டும், படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்று கடைசியில் எழுதினோம்.

"டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்களா டீச்சரம்மா?" என்றார் அந்த அம்மா. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் சரிகையை உரசிப் பார்த்து, கோர்வையா இல்லையா என்று திருப்பிப் பார்த்து, உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள், நீங்கள் கோபித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் மாணவி போன் செய்தாள். தாளைப் பார்த்ததும் டாக்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாராம். பயாப்ஸி எடுக்கவில்லை, முதலில் அதைப் பார்த்துவிடலாம், ரிப்போர்ட் வரட்டும், அதுவரை மாத்திரை என்று புதன்கிழமைத் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எழுந்து வரும்போது அவள் அம்மா தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாராம். "ஆபரேஷன் பண்ணா, மறுபடி எப்ப தறியில உக்காரலாம்?" இத்தனை வருடம் காஞ்சிபுரத்தில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. "குழித்தறியா? கால் மிதிக்கணுமா? எவ்வளவு பலமா மிதிக்கணும்?" என்று அவர் கேட்க, அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை மிதித்துக் காட்டினாராம்.